சாணமா, உமியா: வன்னிக்கு எந்த வாயு?

வீட்டு அடுப்புக்கென்றால் சாணவாயு, மில் எஞ்சினுக்கென்றால் உமிவாயு. இரண்டையும் ஒரே தராசில் வைத்து விற்பவர்கள் இருப்பதால்தான் இந்த ஒப்பீடு.

சாணத்தைத் தண்ணீரோடு காற்றுப் புகாத கலனில் அடைத்து, நுண்ணுயிர்களால் புளிக்கவிட்டு எடுப்பது சாணவாயு. இதில் கலன் கட்டுவதைவிடச் சாணம் சேர்ப்பதுதான் பாடு. நுண்ணுயிர்களுக்கு உகந்த 35 பாகை வெப்பம் கிளிநொச்சி வெயிலில் ஏறக்குறைய இலவசம். அண்ணளவாக 25 கிலோ சாணத்துக்கு ஒரு கனமீட்டர் வாயு. சின்னக் குடும்பத்தின் ஒருநாள் சமையலுக்கு ஒன்றரை, இரண்டு கனமீட்டர் வேண்டும். ஒரு மாடு நாளைக்கு 10 கிலோ போடும் என்று கணக்குக் காட்டுவார்கள். சரி, ஆனால் நம் மாடுகள் பகலெல்லாம் காட்டிலும் வயலிலும் அல்லவா நிற்கின்றன! பட்டியில் சேர்வது இரவுச் சாணம் மட்டும். ஆகவே எட்டு, பத்து மாடாவது வேண்டும். சாணத்தின் அளவுக்குத் தண்ணீரும் வேண்டும். ஆடி, ஆவணியில் கிணறு அடியைத் தொடும் வளவுகளில் இதை முதலில் யோசியுங்கள். கழிவாக வரும் கரைசல் மிளகாய்க்கு நல்ல பசளை, அது தனி லாபம்.

உமிவாயு என்பது உமியை அரைகுறைக் காற்றில் சூடாக்கினால் வருவது. அதில் எரிவது காபனோரொட்சைட்டும் ஐதரசனும்; பாதிக்குப் பாதி எரியாத நைதரசன். ஒரு கனமீட்டரின் வெப்பம் சாணவாயுவினதில் நாலில், ஐந்தில் ஒரு பங்குதான். சேமித்து வைக்கக் கட்டாது, அங்கேயே எரிக்க வேண்டும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி என்றாலும், புழுங்கல் அவிக்க மில்காரர் எடுத்தது போக மிஞ்சுவதைத்தான் கணக்கில் சேர்க்கலாம். எரித்த உமியிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதை அள்ளிக் கொட்ட ஆள் வேண்டும்.

சோதிக்கும் விதமும் வேறு. சாணக் கலனில் முதலில் வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு. சரியாக எரியாது, வெளியே விடுங்கள். அப்புறமும் கலனருகே தீக்குச்சி வேண்டாம், குழாயின் அடுப்பு முனையில் மட்டும் பற்றவையுங்கள். கூழ்முட்டை நாற்றம் அடித்தால், துருப்பிடித்த இரும்புச் சீவல் அடைத்த குழாய் வழியாக வாயுவை விடலாம். உமிவாயுவுக்கு எஞ்சின் வாயிலில் வெள்ளைத் துணி பிடியுங்கள்; பழுப்பேறினால் தார் வருகிறது, எஞ்சின் சீக்கிரம் அடைக்கும். காபனோரொட்சைட்டுக்கு மணமே இல்லை, ஆளைக் கொல்லும். மூடிய கொட்டிலுக்குள் உமிவாயு இயந்திரம் கூடவே கூடாது.

அந்த இயந்திரத்தை விற்க, ஓட்டிக்காட்ட வருபவர் சிரட்டைக்கரியோடு வந்தால் மயங்காதீர்கள், கரியில் தார் குறைவு. உங்கள் மில் உமியையே போட்டு நாள் முழுக்க ஓடவிடச் சொல்லுங்கள்.