தெரிந்த மரியோ, தெரியாத மூலைகள்

1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் என்ற வீடியோ கேம், 1999-இல் கேம் பாய் கலர் என்ற கையடக்கக் கருவிக்கு 'டீலக்ஸ்' என்ற அடைமொழியோடு மறுபடி வந்தது. மூலத்தின் 32 கட்டங்களையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன் என்று நினைத்திருந்தேன். முதல் உலகத்திலேயே இரண்டு உயிர் போனது.

காரணம் திரைதான். மூல ஆட்டம் 256க்கு 240 திரைப்புள்ளிகளில் (பிக்சல்) ஓடியது. இந்தக் கையடக்கக் கருவியில் 160க்கு 144 மட்டுமே. படத்தைச் சுருக்காமல் வெட்டியிருக்கிறார்கள். அதனால் எதிரி கண்ணில் படும்போது ஏறக்குறைய மேலே விழுந்துவிடுகிறான். மேல், கீழ் பொத்தான்களை அழுத்தி எட்டிப் பார்க்கலாம். ஆனால் ஓட்டத்தின் நடுவே அதற்கு எங்கே நேரம்? கோட்டைகளில் சுழலும் நெருப்புச் சங்கிலிகளை நினைவை நம்பியே கடந்தேன்.

இருந்தும் இதை நான் கீழே வைக்கவில்லை. சேலஞ்ச் முறைதான் என்னைப் பிடித்து வைத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் 5 சிவப்பு நாணயங்கள், ஒளிந்திருக்கும் ஒரு யோஷி (மரியோவின் டைனோசர் தோழன்) முட்டை, எட்ட வேண்டிய ஒரு மதிப்பெண். ஆயிரம் தடவை ஓடிய பாதையில் நின்று, வெற்றுக் காற்றை முட்டி முட்டி முட்டையைத் தேடினேன். அவசரமாகக் கடந்துபோன இடங்களை அப்போதுதான் உண்மையில் பார்த்தேன்.

பூ என்ற பேயோடு ஓட்டப் பந்தயமும் உண்டு, நன்றாக இருக்கிறது. விட்ட இடத்தைச் சேமிக்கும் வசதி பெரிய நிம்மதி. டீலக்ஸில் உள்ள மூல ஆட்டத்தில் 3,00,000 மதிப்பெண் எடுத்தால் கடினமான இன்னொரு தொகுப்பு திறக்கும். அதில்தான் இப்போது மாட்டிக்கொண்டிருக்கிறேன்.