மூல நட்சத்திரப் பெண்ணுக்கு வரன் தேடிக் கொடுக்கும் லட்சணம்

அண்ணன் மகளுக்கு வரன் பார்க்கத் திருச்சியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் பதிவு செய்தோம். கட்டணம் 3,000 ரூபாய், ஆறு மாதம் செல்லும். போனில் மரியாதையாகப் பேசுகிறார்கள். படிப்பு, வேலை, சம்பள விவரங்களைச் சரிபார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் ஜாதகத்தை வைத்து அவர்கள் செய்கிற வேலைமீதுதான்.

எங்கள் பெண் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தை வாங்கியதும் நட்சத்திரத்தைத்தான் முதலில் பார்த்தார். மேலே சிவப்பு மையில் ‘மூலம்’ என்று எழுதி, தனி ஃபைலில் போட்டார். “மாமனார் இல்லாத இடமாப் பார்த்துத் தர்றேங்க, கவலைப்படாதீங்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இவள் வந்தால் அந்த வீட்டுப் பெரியவர் போய்விடுவார், அதனால் ஏற்கெனவே போய்விட்ட வீடாகப் பார்க்கலாம் என்பதுதானே அதற்கு அர்த்தம்? பக்கத்திலேயே உட்கார்ந்து பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

27 நட்சத்திரங்களில் ஒன்று மூலம். அப்படியென்றால் ஏறத்தாழ 27 பெண்களில் ஒருத்திமேல் இந்தப் பழி. அதே மூலத்தில் ஆண் பிறந்தால் அரசாளுவானாம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. அந்த வீட்டில் யாருக்கு என்ன நடந்தாலும் மருமகள்தான் காரணம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஏற்பாடு இது.

எங்கள் பெண் வாக்கியப் பஞ்சாங்கத்தில்தான் மூலம். திருக்கணிதம் என்கிற இன்னொரு பஞ்சாங்கப்படி போட்டால் பூராடம். பூராடம் என்றால் தாலி தங்காது என்பார்கள். ஒரே குழந்தை, ஒரே பிறந்த நேரம். எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம் என்பதைப் பொறுத்துச் சாகிறவர் மாமனாரா புருஷனா என்பது மாறுமா?

செவ்வாய் தோஷமும் இப்படித்தான். ஜாதகக் கட்டத்தில் லக்னத்திலிருந்து, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசியிலிருந்து, எண்ணி 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். 12 இடத்தில் ஐந்து இடம்! சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிற ஜோசியரிடம் போனால் தப்புகிறவர்கள்தான் குறைவு. அப்புறம் பரிகாரம், அதற்கொரு செலவு.

வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் 2008-ல் மகாராஷ்டிராவில் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் படிக்கிற 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், இவர்களின் ஜாதகங்களைக் கலந்து ஆளுக்கு 40 கொடுத்து, எது யாருடையது என்று ஜோசியர்களைக் கேட்டார். விடை அனுப்பிய 27 பேரும் சரியாகச் சொன்னது சராசரியாக 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

மையத்தில் உள்ளவர்களிடம் இதையெல்லாம் சொன்னேன். “கேக்குறவங்க கேக்குறாங்க, நாங்க என்ன பண்றது” என்றார்கள். கேட்பவர்களுக்காகத் தனி ஃபைல் போடுவது யார்? ஜாதகம் பார்க்காத குடும்பங்களாக அனுப்புங்கள் என்றதற்கு ஒன்றிரண்டு வந்ததோடு சரி.

ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். அதுவும் விவரங்களைச் சரிபார்ப்பதற்காக. போகிறவர்கள், ஜாதகம் கேட்காத வரன்கள் எத்தனை கைவசம் இருக்கின்றன என்று பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உங்கள் பெண்ணின் படிவத்தில் சிவப்பு மையால் எழுத வந்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.