அம்பத்தூரில் நெய்து வாங்கிய முப்பரிமாண கார்பன் துணி

தடிமனான கார்பன் ஃபைபர் பாகம் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 5 மில்லிமீட்டர் தட்டு வேண்டுமென்றால் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) துணியை இருபது அடுக்குக்கு மேல் போட வேண்டும், திசை மாறாமல் வெட்டி அடுக்கவே பாதி நாள் போய்விடும், அவ்வளவு பாடுபட்டும் அந்தத் தட்டு வைத்த ட்ரோன் ஒரு தடவை கீழே விழுந்தால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். அடுக்குகளுக்கு நடுவே பிடிமானம் வெறும் ரெசின், அதாவது இறுகும் பிசின்தானே.

அதனால்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தறிக்கூடத்தில் முப்பரிமாணத் துணி நெய்யச் சொன்னோம். இதில் பாவும் (நீளவாட்டு இழை) ஊடையும் (குறுக்கு இழை) நெளியாமல் நேராகப் படுத்திருக்கும், இசட் இழை என்கிற மூன்றாவது இழை மேலிருந்து கீழே இறங்கி மறுபடி ஏறி, மொத்தத்தையும் தைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். லீப் விமான எஞ்சினின் விசிறி இறக்கைகளும் முப்பரிமாண நெசவில் செய்தவைதான்.

நெசவு அருமை. 12கே கற்றை என்றால் 12,000 இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம், தறியின் விழுதில் (பாவு இழை நுழைந்து போகும் கண்ணி) கொஞ்சம் உரசினாலே பிசிறு கிளம்பிவிடும். எங்களுக்கு வந்த துணியில் பிசிறு மிகக் குறைவு. கார்பன் தூசி மின்சாரம் கடத்தும் என்பதால் தறியின் மின்பெட்டியை இடுக்கு விடாமல் மூடி வைத்திருந்தார்கள், அதைப் பார்த்தபோதே நம்பிக்கை வந்தது. வேக்யூம் இன்ஃப்யூஷனில் (காற்றை உறிஞ்சி ரெசினைத் துணிக்குள் இழுக்கும் முறை) ரெசின் இசட் இழையை ஒட்டியே கீழே இறங்கி, அடிவரை நன்றாக நனைந்தது. சுத்தியலால் அடித்துப் பார்த்தோம். அடிபட்ட இடம் நசுங்கியது, ஏடு பிரியவில்லை.

ஆனால் முதல் சரக்கை நான்காக மடித்துப் பெட்டியில் அனுப்பிவிட்டார்கள்! கார்பனை மடிக்கலாமா? மடிப்பு ஓடிய இடமெல்லாம் இழை ஒடிந்து, பாதித் துணி வீண். சொன்னதும் மறுபேச்சில்லாமல் வேறு நெய்து கொடுத்தார்கள், சரி, ஆனால் மூன்று வாரம் போய்விட்டது. ஒவ்வொரு பாவு இழையையும் தனித்தனி பாபினிலிருந்து இழுத்துக் கோர்க்க வேண்டியிருப்பதால் சின்ன ஆர்டருக்கு விலையும் கடிக்கிறது.

இன்னொன்று, இந்தத் துணியில் 45 டிகிரி இழை கிடையாது. முறுக்கு விசை வரும் பாகமென்றால் மேலும் கீழும் குறுக்குச் சாய்வாகச் சாதாரணத் துணி ஒரு அடுக்காவது போடுங்கள். இசட் இழை திரும்பும் இடங்களில் ரெசின் தேங்கிப் புள்ளி புள்ளியாகத் தெரியும், பளபளப்பான மேற்பரப்பு கேட்பவர்களுக்கு இது சரிப்படாது.

அடுத்த ஆர்டரையும் அவர்களிடமே கொடுத்திருக்கிறோம், இந்த முறை 8 மில்லிமீட்டர். குழாயில் சுற்றித்தான் அனுப்ப வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.