யூரின்ல மியூக்கஸ்: ஸ்ட்ரிப்பா, மைக்ராஸ்கோப்பா, கல்ச்சரா?

யூரின் டெஸ்ட் ரிப்போர்ட்ல கடைசி வரிகள்ல எங்கயாவது "மியூக்கஸ் த்ரெட்ஸ் ++" ன்னு இருக்கும், அதைப் பார்த்ததும் நம்ம கண்ணு அங்கேயே நின்னுடும், மேல இருக்குற பத்து வரியும் நார்மல்னு இருந்தாலும் மனசு கேக்காது. எனக்கும் ஒரு தடவை அப்படித்தான், ராத்திரி பூரா தூக்கம் இல்ல. மறுநாள் ரிப்போர்ட்டப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி "ஸாம்பிள எப்படி எடுத்தீங்க?" அதுல இருந்துதான் இந்த அலசல்.

முதல்ல ஒரு விஷயம், மியூக்கஸ்ங்கறது சளி மாதிரி வழவழப்பான பொருள். மூத்திரம் வர்ற பாதையோட உள்பக்கத்துலயும் அதைச் சுத்தி இருக்குற சுரப்பிகள்லயும் இது கொஞ்சம் ஊறிக்கிட்டேதான் இருக்கும், அதனால கொஞ்சம் தெரியறது நார்மல்தான். பெண்களுக்கு வெள்ளைப்படுறதும் ஸாம்பிள்ல கலந்துடும், அதனால அவங்க ரிப்போர்ட்ல இது இன்னும் சகஜம்.

இப்ப மூணு டெஸ்ட்டுக்கும் வருவோம். கலர் ஸ்ட்ரிப்ப முக்கி எடுத்தா ரெண்டு நிமிஷத்துல ரிசல்ட். சர்க்கரை, புரோட்டீன், ரத்தம், நைட்ரைட் (சில கிருமிங்க மூத்திரத்துல உண்டாக்குற பொருள்), வெள்ளை அணுவோட என்சைம்னு நிறைய சொல்லும், ஆனா மியூக்கஸ பார்க்க அதுல ஒரு கட்டம்கூட இல்ல! வீட்டுல ஸ்ட்ரிப் வச்சு செக் பண்ணி "மியூக்கஸ் இல்ல"ன்னு நிம்மதி ஆகறவங்களுக்காக இதைச் சொல்றேன், அது பார்க்கவே இல்லாத ஒண்ண இல்லைன்னு எப்படி சொல்லும்? கல்ச்சரும் அதே கதைதான், கிருமி வளருதான்னுதான் பார்க்கும். மூணுல மியூக்கஸ நேரா கண்ணால பார்க்குறது மைக்ராஸ்கோப் மட்டும்தான்.

அதுலயும் ஒரு குழப்பம் இருக்கு. யூரின சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தவிட்டு அடில படியிறதைத்தான் ஸ்லைட்ல வச்சுப் பார்க்குறாங்க. மியூக்கஸ் நீளமா, நூல் மாதிரி, நுனி மெலிஞ்சு, வளைஞ்சு நெளிஞ்சு தெரியும். கிட்னிக்குள்ள உருவாகுற ஹைலைன் காஸ்ட்னு இன்னொண்ணு இருக்கு, அது ரெண்டு பக்கமும் நேரா, முனை உருண்டையா, குட்டி உருளை மாதிரி இருக்கும். அவசரமா பார்க்குறவங்க ஒண்ண இன்னொண்ணுன்னு எழுதிடலாம். ரிப்போர்ட்ல ரெண்டும் இருந்து புரோட்டீனும் பாசிட்டிவா இருந்தா கண்டிப்பா டாக்டர்கிட்ட கேளுங்க. கடுமையா எக்சர்சைஸ் பண்ணின பிறகு ரெண்டு ஹைலைன் காஸ்ட் தெரியறது மட்டும்னா பயப்பட ஒண்ணுமில்ல.

சரி, மியூக்கஸ் நிறைய இருந்தா இன்ஃபெக்ஷனா? அந்த வரிய மட்டும் வச்சு சொல்ல முடியாது. நான் பார்க்கச் சொல்றது அதுக்குப் பக்கத்துல இருக்குற ரெண்டு வரி: பஸ் செல்ஸ் (Pus cells, அதாவது சீழ்ல இருக்குற வெள்ளை அணுக்கள்), எபிதீலியல் செல்ஸ் (தோல், உள்பக்கப் படலத்துல இருந்து உதிர்ற செல்கள்). அதுல ஸ்குவாமஸ்ங்கற தட்டையான வகை எபிதீலியல் செல்ஸ் நிறைய, மியூக்கஸும் நிறைய, பஸ் செல்ஸ் 0-5க்குள்ளன்னா பெரும்பாலும் ஸாம்பிள்ல வெளித்தோல் அழுக்கு கலந்திருக்குன்னுதான் அர்த்தம், திரும்ப ஒழுங்கா எடுத்துக் குடுத்தா பாதி பிரச்சனை காணாமப் போயிடும் (எனக்கு அப்படித்தான் போச்சு). பஸ் செல்ஸ் ஏறி, நைட்ரைட்டும் பாசிட்டிவ், போகும்போது எரிச்சலும் இருக்குன்னா அப்ப மியூக்கஸ் இருந்தா என்ன இல்லாட்டி என்ன, இன்ஃபெக்ஷனுக்கு டாக்டரப் பார்க்கணும்.

நைட்ரைட் நெகட்டிவ்னா கிருமி இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க, எல்லா கிருமியும் நைட்ரைட் உண்டாக்காது, மூத்திரம் ப்ளாடர்ல (உடம்புக்குள்ள இருக்குற மூத்திரப்பைல) சில மணி நேரமாவது தங்கினாத்தான் அது சேரும், அடிக்கடி போய்ட்டே இருக்குறவங்களுக்கு தப்பா நெகட்டிவ் வரும். வைட்டமின் சி மாத்திரை நிறைய போட்டாலும் ஸ்ட்ரிப் ஏமாறும்.

கல்ச்சர் எல்லாருக்கும் தேவையில்ல, என்னோட ஓட்டு அதுக்கு கடைசியாத்தான். ரிசல்ட் வர 1-2 நாள், சில நேரம் அதுக்கும் மேல ஆகும், ஆனா எந்த கிருமி, எந்த ஆன்டிபயாடிக் கேக்கும்னு அது ஒண்ணுதான் சொல்லும். திரும்பத் திரும்ப வர்ற இன்ஃபெக்ஷன், கர்ப்பம், காய்ச்சல், முதுகுப் பக்க வலின்னா கல்ச்சர் வேணும், அதுவும் ஆன்டிபயாடிக் முதல் டோஸ் போடறதுக்கு முன்னாடியே ஸாம்பிள் குடுத்துடணும். அறிகுறியே இல்லாதவங்களுக்கு கல்ச்சர் பண்ணி, கிருமி வளர்ந்திருக்குன்னு மருந்து சாப்பிடறது கர்ப்பிணிகள் மாதிரி சிலருக்கு மட்டும்தான் பொருந்தும், மத்தவங்களுக்கு பொதுவா தேவையில்ல.

இப்ப ஸாம்பிள் எடுக்குற முறை, நிஜமான போட்டி இங்கதான். சும்மா கப்ப நீட்டி முதல் சொட்டுல இருந்து பிடிச்சா வெளில இருக்குற சளி, தோல் செல், கிருமி எல்லாம் கப்புக்குள்ள. சுத்தமா கழுவிட்டு, முதல்ல வர்றத விட்டுட்டு, நடுவுல வர்றத மட்டும் பிடிச்சா அந்தக் கலப்படம் ரொம்பக் குறையும். இதுக்கு ஒரு விதிவிலக்கு, கிளமிடியா, கொனோரியா மாதிரி பால்வினை நோய்க்கான மூத்திர டெஸ்ட்டுக்கு முதல்ல வர்றதுதான் வேணும், அங்க நடுப்பகுதி குடுத்தா கிருமி தப்பிச்சிடலாம். எதுக்கு எடுக்குறாங்கன்னு கேட்டுக்கிட்டே பாத்ரூம் போங்க. எடுத்தத ஒரு மணி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும், வெளில வச்சா கிருமி பெருகும், செல்லெல்லாம் சிதைஞ்சிடும்.

கைக்குழந்தைகளுக்கு பை ஒட்டி எடுக்குறது சுலபம்தான், ஆனா கலப்படம் ஏராளம், அதுல கல்ச்சர் பாசிட்டிவ் வந்தா அதை அப்படியே நம்ப முடியாது, டாக்டர் சின்ன குழாய் வச்சு திரும்ப எடுக்கச் சொன்னா தேவையில்லாம பண்றாங்கன்னு நினைக்காதீங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, ப்ளாடர் எடுத்துட்டு குடல் துண்டுலயே புது ப்ளாடர் செஞ்சவங்க. குடல் அதோட வேலைய விடாது, சளி சுரந்துட்டேதான் இருக்கும், அவங்க ரிப்போர்ட்ல மியூக்கஸ் இல்லைன்னாத்தான் ஆச்சரியம். அவங்க பார்க்க வேண்டியது ரிப்போர்ட்ல எத்தனை ப்ளஸ்னு இல்ல, சளி கட்டியாகி மூத்திரத்த அடைக்குதான்னுதான். தண்ணி நிறைய குடிக்கணும், டாக்டர் சொன்னபடி அந்தப் புது ப்ளாடரக் கழுவி விடணும், திடீர்னு மூத்திரம் வராம நின்னுட்டா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.