கோட்டோ எஸ்.ஜி.381 ட்யூனர்: எந்தப் பழுதுக்கு, எந்தக் கிட்டாருக்கு?

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு ட்யூனர் (தந்தியை இறுக்கித் தளர்த்தி சுருதி சேர்க்கும் திருகு) கெட்டுப்போனால் ஆறையும் மாற்றிவிடலாம் என்று தேட ஆரம்பிப்பவர்களின் கண்ணில் சீக்கிரமே படும் பெயர், ஜப்பானின் கோட்டோ நிறுவனம் செய்யும் எஸ்.ஜி.381. பொருள் நல்ல பொருள்தான். ஆனால் அதை வாங்குகிறவர்களில் பலருக்கு ட்யூனரே பிரச்சினை இல்லை. இன்னும் சிலருக்கு அது அவர்கள் கிட்டாரில் ட்யூனருக்கென இருக்கும் துளையில் உட்காராது. அதனால் இந்த மதிப்புரையில் பொருளைவிட, அது எங்கே பொருந்தும் என்பதைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் பொருள். பல்சக்கரம் முழுக்க மூடிய வார்ப்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கிரீஸ் உள்ளேயே வைத்து மூடப்பட்டிருப்பதால் எண்ணெய் விடும் வேலை இல்லை. ட்யூனர்கள் உட்காரும் கழுத்தின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கத்திலிருந்து ஒரு அறுகோணப் புஷிங் (தண்டைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) மரையில் இறங்கிப் பிடிக்கும். பின்பக்கம் ட்யூனர் சுழலாமல் இருக்க ஒரு சிறிய ஸ்க்ரூ. ஆறும் ஒரே வரிசையில் வரும் செட், மூன்று மூன்றாக இருபுறம் வரும் செட் இரண்டும் உண்டு. இடதுகை கிட்டாருக்கும், தலைகீழ் ஹெட்ஸ்டாக்குக்கும் வரிசையின் திசை மாறும் என்பதை ஆர்டர் செய்யும்போது மறக்கக் கூடாது.

விகிதம் 16:1. அதாவது குமிழைப் பதினாறு முறை சுற்றினால் தந்தி சுற்றும் தண்டு ஒரு முறை சுற்றும். இந்த எண்ணை வைத்துத்தான் ட்யூனர்களை ஒப்பிடுகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சொல்லும் வித்தியாசம் சிறியது. தண்டின் விட்டம் சுமார் 6 மி.மீ. என்று வைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 19 மி.மீ. 16:1 ட்யூனரில் குமிழின் ஒரு முழுச் சுற்று 1.2 மி.மீ. தந்தியை இழுக்கும். 14:1 என்றால் 1.35, 18:1 என்றால் 1.05. கை விரலுக்கு இது தெரியும், ஆனால் சுருதி நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சுருதிக்கு முக்கியம் பல்சக்கரங்களுக்கு இடையிலான வெற்றாட்டம். குமிழைத் திருப்பியும் தண்டு அசையாமல் இருக்கும் அந்தச் சிறு இடைவெளி இந்த மாடலில் மிகக் குறைவு. இதன் உண்மையான பலம் இதுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். 'கியர் வழுக்கி சுருதி இறங்குகிறது' என்று பலர் சொல்வார்கள். ட்யூனருக்குள் இருப்பது புழுச்சக்கரம். குமிழ் தண்டைச் சுழற்றும். தண்டால் குமிழைத் திருப்பிச் சுழற்ற முடியாது. பல் உடைந்திருந்தாலோ பெட்டி மரத்திலிருந்து தளர்ந்திருந்தாலோ தவிர, தந்தியின் இழுவிசையால் ட்யூனர் தானாகத் தளராது. பெரும்பாலும் குற்றவாளி நட், அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தங்கிச் செல்லும் வெட்டுகள் உள்ள சிறு துண்டு. ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி குதித்தால், தந்தி நட்டின் வெட்டில் சிக்கி விடுபடுகிறது என்று அர்த்தம். வெட்டைத் தந்தியின் கனத்துக்குச் சரியாக அராவி, கொஞ்சம் பென்சில் கிராஃபைட் தடவினால் தீரும் பிரச்சினைக்குப் புது ட்யூனர் வாங்குவது வீண்.

ட்யூனரைச் சோதிப்பது எளிது. தந்தியைத் தளர்த்திவிட்டுத் தண்டை விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். பெட்டியே மரத்தில் ஆடினால் ஸ்க்ரூவோ புஷிங்கோ தளர்ந்திருக்கிறது. பெட்டி அசையாமல் தண்டு மட்டும் முன்னும் பின்னும் ஆடினால் பல் தேய்ந்திருக்கிறது. குமிழைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி மறுபடி இலகுவானால் குமிழின் அச்சு வளைந்திருக்கிறது. கிட்டார் விழுந்ததால் வரும் பழுது பெரும்பாலும் இதுவே. லேசான வளைவை ஒரு முறை மெதுவாக நிமிர்த்தலாம். இரண்டாவது முறை நிமிர்த்தினால் உலோகம் களைத்து முறியும்.

வாங்காமலே சரியாகும் பழுதுகளும் உண்டு. மூடிய ட்யூனர்களில் குமிழின் நுனியில் ஒரு ஸ்க்ரூ இருந்தால், அதை வலப்பக்கம் கால் சுற்று திருகினாலே தளர்ந்த குமிழ் இறுகும். அளவுக்கு மீறி இறுக்கினால் குமிழுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் வாஷர் நசுங்கி, பிறகு எவ்வளவு திருகினாலும் பிடிக்காது. க்ளூசன் என்ற பழைய அமெரிக்க நிறுவனத்தின் பாணியில் அமைந்த ட்யூனர்களில் பிளாஸ்டிக் குமிழ் காலப்போக்கில் சுருங்கி நொறுங்கும். குமிழ் மட்டும் தனியாகக் கிடைக்கும். பழையதை உடைத்து எடுத்துவிட்டு, தட்டையான அச்சைச் சாலிடரிங் அயர்னால் சூடாக்கிப் புதுக் குமிழை நேராக அழுத்தினால் பிளாஸ்டிக் இளகி அச்சைப் பற்றிக்கொள்ளும். சூடு ஆறும் வரை கையை எடுக்காதீர்கள், சாய்ந்தால் சாய்ந்தபடியே இறுகிவிடும். பின்பக்க ஸ்க்ரூவின் துளை தளர்ந்திருந்தால் மரப் பசை தடவிய பல்குத்தும் குச்சிகளை நிரப்பி, ஒரு நாள் காயவிட்டுப் புதிதாகத் துளையிடலாம்.

பல் உடைந்தால், தண்டு ஆடினால், பெட்டி விரிந்தால் மட்டும் மாற்றுங்கள். எஸ்.ஜி.381 போன்ற மூடிய ட்யூனரைத் திறந்து உள்ளே சரிசெய்ய முடியாது. அது இந்த வகை முழுவதற்குமே உள்ள குறை.

இப்போது துளை. எல்லாமே இதைப் பொறுத்தது. எஸ்.ஜி.381-க்கு 10 மி.மீ. துளை வேண்டும். க்ளூசன் பாணியில் அழுத்திப் பொருத்தும் புஷிங் உள்ள கிட்டார்களில் துளை 8.8 மி.மீ. அளவில்தான் இருக்கும். புஷிங்கைப் பிடுங்கிவிட்டு வெர்னியர் காலிபரால் அளந்த பிறகே ஆர்டர் செய்யுங்கள். துளை சிறியது என்றால் அதைப் பெரிதாக்குவதைவிடக் கோட்டோவின் எஸ்.டி.91 வாங்குவது புத்திசாலித்தனம். 15:1 விகிதம், நடுவில் பிளந்த தண்டு, பழைய ஸ்க்ரூத் துளைகளில் அப்படியே உட்காரும் வாய்ப்பு அதிகம். பழைய கிட்டாரில் மரத்தை வெட்டிவிட்டால் திரும்பப் போக வழியில்லை. ட்யூனரின் பின்னால் ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு சிறு முளைகள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கும் உண்டு. அதற்கு அதே முளை அமைப்புள்ள செட்தான் வேண்டும். இல்லாவிட்டால் பழைய முளைத் துளைகள் பெட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கலாம்.

பெரிதாக்கியே ஆக வேண்டும் என்றால் சாதாரண டிரில் பிட்டைத் தொடாதீர்கள். இருக்கும் துளையில் அது திருகி இழுத்துக்கொண்டு போய் வார்னிஷைப் பெயர்த்துவிடும். குவிந்த ரீமரால் (துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கைக்கருவி) முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி என்று கையால் திருப்பி வாருங்கள். விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கட்டும்.

பொருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் ஆறையும் துளையில் விட்டுப் புஷிங்கை விரலால் மட்டும் இறுக்குங்கள். நேர் அளவுகோலைக் குமிழ்களின் அடியில் வைத்து வரிசைப்படுத்தி, ஸ்க்ரூ வரும் இடத்தைக் குறியுங்கள். துளையிடும் பிட்டின் கனம், ஸ்க்ரூவின் மரையை நீக்கிய நடுத்தண்டின் கனமாக இருக்க வேண்டும். பிட்டை ஸ்க்ரூவுக்கு முன்னால் பிடித்தால் இருபுறமும் மரை மட்டும் தெரிய வேண்டும். ஆழத்துக்குப் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், ஹெட்ஸ்டாக்கின் முகப்பு வரை துளை போய்விட்டால் மறைக்க முடியாது. ஸ்க்ரூவில் மெழுகு தேய்த்து இறக்குங்கள். மேப்பிள் மரத்தில் துளை சிறியதாக இருந்தால் ஸ்க்ரூவின் தலை முறிந்து உடல் உள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கச் சுற்றிலும் மரத்தைக் குடைய வேண்டி வரும். கடைசியாகப் புஷிங்கை 10 மி.மீ. ஸ்பேனரால் இறுக்குங்கள். வாஷர் சுழலாமல் நின்றதும் போதும். மேலும் இறுக்கினால் வார்னிஷ் விரிசல் விடும். புதுத் தந்தி ஏற்றிச் சில நாள் கழித்து மறுபடி ஒருமுறை பாருங்கள், மரம் அமுங்கிப் புஷிங் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

தந்தியைச் சுற்றுவதில் கவனம் இல்லை என்றால் எந்த ட்யூனரும் உதவாது. தடித்த தந்திக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லிய தந்திக்கு மூன்று நான்கு சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி. சுருதியை எப்போதும் கீழிருந்து மேலேதான் ஏற்ற வேண்டும். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், மிச்ச வெற்றாட்டம் அப்போதுதான் ஒரு பக்கமாக அடங்கும்.

இதே மாடல் தந்தியைப் பூட்டும் வகையிலும் வருகிறது. ட்ரெமோலோவை (தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். தண்டில் சுற்று அரைச் சுற்றாகக் குறைவதால் சுற்றுகள் நழுவும் பிரச்சினையே போகும், தந்தி மாற்றுவதும் வேகமாகும். நட்டில் சிக்கும் தந்தியை அது விடுவிக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். உடல் இலேசான, கழுத்து தானாகக் கீழே சரியும் கிட்டாரில் எடையையும் யோசியுங்கள். ஹெட்ஸ்டாக்கில் கூடும் ஒவ்வொரு கிராமும் தோளில் தெரியும். அங்கே பழைய பாணி எஸ்.டி. வகையே இதம்.

நட்டிலேயே தந்தியைப் பூட்டும் ஃபிலாய்டு ரோஸ் அமைப்பு உள்ள கிட்டாருக்கு இந்தச் செலவு தேவையில்லை. பூட்டு இறுகிய பிறகு சுருதி, உடல் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள நுண் திருகுகளின் கையில். ட்யூனர் உடையாமல் சுழன்றாலே போதுமானது.