உடலுக்குள் ஒட்டும் பசை: எங்கள் ஆய்வுக்கு எதை எடுத்தோம், ஏன்?

மென்திசுவை ஒட்ட சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ வகைப் பசை), ஃபைப்ரின் (இரத்தத்தை உறையவைக்கும் புரதம்), ஈரத்திலும் பிடிக்கும் ஜெல் பட்டை என மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. பட்டையை எடுத்தோம்.

பிடிமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சயனோஅக்ரிலேட் நொடிகளில் இறுகும். ஃபைப்ரின் பலவீனமானது.

முடிவைத் தீர்மானித்தது வேறு: வேலை முடிந்தபின் அந்தப் பசை என்னவாகிறது? சயனோஅக்ரிலேட் சிதையும்போது ஃபார்மால்டிஹைடு வெளியாகும். மூலக்கூறின் பக்கச் சங்கிலி குட்டை என்றால் சிதைவும் வேகம். அருகிலுள்ள செல்கள் தாங்காது. அதனால்தான் மெத்தில் வகையை விட்டு பியூட்டில், ஆக்டைல் என்று நீளமான சங்கிலிகளுக்குப் போனார்கள். நச்சு ஒழியவில்லை, மெதுவாக வருகிறது, அவ்வளவுதான். 1998-இல் அமெரிக்காவில் ஆக்டைல் வகைக்குக் கிடைத்த அனுமதியும் தோலின் மேற்புறக் காயங்களுக்கே. தவிர, இறுகியதும் விறைத்துவிடும் பசை, மூச்சுக்கு மூச்சு விரியும் நுரையீரலோடு எப்படி அசையும்?

கரைவதில் ஃபைப்ரின்தான் உத்தமம். ஃபைப்ரினோஜெனும் த்ராம்பினும் சேர்ந்து இரத்தம் உறைவதன் கடைசிப் படியை அப்படியே நடத்துகின்றன. பிறகு உடலே அதைக் கரைத்துக்கொள்ளும். பலரின் இரத்த பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதால் வைரஸ் நீக்கம் கட்டாயம். கண்ணில் சதை வளர்ச்சியை அகற்றி ஒட்டுத்திசு வைப்பது போல, இழுவிசை குறைந்த இடங்களுக்கு நான் இன்றும் இதையே சொல்வேன்.

இனி பட்டை. 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஷுவான்ஹ ஜாவ் குழு வெளியிட்ட வடிவமைப்பு அது. உலர்ந்த பாலிஅக்ரிலிக் அமிலப் பட்டை, திசுவின் மேலுள்ள ஈரத்தை மை ஒற்றும் தாள் மாதிரி உறிஞ்சிக்கொண்டு உடனே பிடிக்கும். அப்புறம் அதிலுள்ள வேதிக்குழுக்கள் திசுப் புரதங்களோடு உறுதியாகப் பிணையும். ஐந்து நொடி அழுத்தினால் போதும். எனக்குப் பிடித்தது, கரையும் காலத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது. ஜெலட்டின் சேர்த்தால் சில நாட்கள் முதல் சில வாரங்களில் கரையும். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் சேர்த்தால் மாதக்கணக்கில் நிற்கும். குடல் தையல் ஆறும் வேகம் வேறு, தசைநார் ஆறும் வேகம் வேறு. பசை அதற்கேற்ப விலக வேண்டாமா? தவறான இடத்தில் ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் 2020-இல் அதே குழு வழி காட்டியது: சோடியம் பைகார்பனேட்டும் (சமையல் சோடா) உடலிலேயே உள்ள குளுட்டாதயோனும் கலந்த கரைசலால் பிரித்தெடுக்கும் வகை.

குறையும் உண்டு. நீர் குடித்து வீங்கும் பொருள், நரம்பு ஓடும் குறுகிய இடத்தில் அழுத்தம் தரலாம். அங்கே இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நான் சோதித்ததும் பன்றித் தோலிலும் குடலிலும் மட்டுமே. துடிக்கும் இதயத்தில் இது எப்படி நிற்கும் என்பதை இதய அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.