செங்குத்துப் பாறையிலிருந்து பெருமீன் தூண்டில்: எந்தக் கருவி, எதற்குப் பதில் எது

படகில் நிற்பவருக்கு மீன் பக்கத்தில் வந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. செங்குத்துப் பாறையின் மேல் நிற்பவருக்கோ அப்போதுதான் தலைவலி ஆரம்பம். தண்ணீருக்குள் இருக்கும்வரை மீனின் எடையை நீரே தாங்கிக்கொள்ளும். நீர்மட்டத்தை விட்டுக் கிளம்பியதும் 12 கிலோ சூரை 12 கிலோவாகவே தொங்கும். வாலை அடித்தால் இழுவை இன்னும் கூடும். அந்த எடையை எட்டோ பத்தோ மீட்டர் மேலே எப்படிக் கொண்டுவருவது என்று முடிவு செய்யாமல் ராடும் (தூண்டில் கழி) ரீலும் (தூண்டில் நூலான லைனைச் சுற்றும் கருவி) வாங்குவது வீண்செலவு. அதனால் இந்த அலசல் தலைகீழாகப் போகிறது. முதலில் மீனை ஏற்றும் கருவி, அதற்கேற்ற லீடர் (லைனின் நுனியில் முடிச்சிட்டுச் சேர்க்கும் தடித்த நூல்), அப்புறம்தான் ராடும் ரீலும்.

நீள காஃப், இறக்கு வலை, கயிற்று காஃப்

கால் நிற்கும் இடத்துக்கும் நீருக்கும் இடையே 3 மீட்டருக்குள் என்றால் நீளக் கைப்பிடி கொண்ட காஃபே (மீனைக் குத்தி இழுக்கும் கொக்கி) போதும். 4 மீட்டரைத் தாண்டினால் அதே கருவி தொல்லை. நீட்டி மடக்கும் குழாய்கள் நுனியில் எடை ஏறியதும் மூட்டுகளில் வளையும். காற்றில் நுனி ஆடிக்கொண்டே இருக்கும். கொக்கி மாட்டிவிட்டாலும், குழாயைக் கைமாற்றி மேலே இழுக்கும்போது உடம்பு விளிம்புக்கு வெளியே சாய்கிறது. நீள காஃப் எட்டுகிற மேடை அலையும் எட்டுகிற மேடைதான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இறக்கு வலை என்பது 70 முதல் 90 செ.மீ. வளையம், அதைச் சாயாமல் தாங்க நான்கு பக்கக் கயிறுகள், நடுவில் ஒரு தூக்குக் கயிறு. 5, 6 கிலோ வரையுள்ள மீனுக்கும், திரும்ப விடப்போகும் மீனுக்கும் இதை அடிக்க வேறில்லை. வெறும் வலையை இறக்கினால் காற்று அதைப் பாய்போல் தூக்கிவிடும். 250 கிராம் அளவு ஈயத்தை வளையத்தில் கட்டாமல் வலையின் அடியில் கட்டினால், வலை நேராக இறங்கி நீருக்குள் விரிந்து நிற்கும். லூரில் (செயற்கை இரையில்) மும்முனை முள் இருந்தால் மீன் வலைக்குள் போகும் முன்பே முள் வலையின் வெளிப்பக்கம் மாட்டிக்கொள்ளும். மீன் பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கி, ஒரு துள்ளலில் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போகும். வலை எடுத்துப் போவதானால் லூர்களில் ஒற்றை முள்ளை மாட்டிவிடுங்கள்.

8 மீட்டருக்கு மேல் பெரிய பாரை, சூரை, வஞ்சிரம் என்று போனால் கயிற்று காஃப் ஒன்றுதான் வழி. மூன்று அல்லது நான்கு பெரிய கொக்கிகளை முதுகோடு முதுகாக வெல்டு செய்து, நடுவில் அரைக் கிலோவுக்குக் குறையாமல் ஈயம் வார்த்து, தலையில் லைனை உள்ளே விடத் திறக்கும் ஒரு வளையம் வைத்த கருவி இது. மீன் பிடிப்பவர் களைத்த மீனை நீர்ப்பரப்பில் லைன் இறுக்கமாக இருக்கும்படி நிறுத்துகிறார். துணைக்கு நிற்பவர் வளையத்தை லைனில் மாட்டி, கயிற்றை மெதுவாக விடுகிறார். லைன் காட்டும் வழியில் கொக்கி நேரே மீனின் தலையடிக்குப் போகும். அங்கே போனதும் ஒரே சுண்டு சுண்டி, எடை கயிற்றுக்கு மாறிய பிறகு கைமாற்றிக் கைமாற்றி ஏற்ற வேண்டும். அந்த நேரத்தில் டிராக்கை (இழுவை மிஞ்சினால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்கை) தளர்த்தி வையுங்கள். பாதி வழியில் மீன் கொக்கியிலிருந்து நழுவி விழுந்தால், இறுக்கிய டிராக்கில் லைன் அறும். தளர்ந்த டிராக்கில் மீன் இன்னும் முள்ளிலேயே இருக்கும்.

கயிறு 8 அல்லது 10 மி.மீ. பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் ரப்பர்போல் நீளும், பாலிபுரொப்பிலீன் மிதந்து அலையில் சுருளும். 4 மி.மீ. கயிறு பையில் இடம் மிச்சம் பிடிக்கும்; 15 கிலோ தொங்கும்போது கையுறை போட்ட விரலையும் வெட்டும். நீளம், பாறை உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. பிடிமானத்துக்காக மீட்டருக்கொரு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. சுவர் வழுவழுப்பாக இருந்தால் சரி, வெடிப்புகள் இருந்தால் ஒவ்வொரு முடிச்சும் ஒரு வெடிப்பைத் தேடிப்போய் மாட்டும். கயிற்றின் மேல்முனையைப் பாறையில் கட்டுங்கள், இடுப்பில் கட்டாதீர்கள்.

இந்த முறைக்கு இரண்டு பேர் வேண்டும். தனியாகப் போகிறவர் கயிற்று காஃபை எடுத்துப் போவதும் ஒன்று, வீட்டில் வைப்பதும் ஒன்று. மீனைத் திரும்ப விடும் எண்ணமிருந்தாலும் இது ஆகாது. குத்தப்பட்ட மீன் பிழைக்காது.

மோனோவா, பிரெய்டா

மோனோ ஒற்றை இழை நைலான் லைன், பிரெய்டு பல இழைகளைப் பின்னிய லைன். ரீலில் நிரப்ப பிரெய்டுதான், அதில் வாதமே இல்லை. 36 கிலோ தாங்கும் பிரெய்டு சுமார் 0.4 மி.மீ. தடிமன், அதே பலத்துக்கு மோனோ ஏறத்தாழ 0.9 மி.மீ. குறுக்குப் பரப்பில் ஐந்து மடங்கு வித்தியாசம். 300 மீட்டர் பிரெய்டு கொள்ளும் ஸ்பூலில் (ரீலில் லைன் சுற்றியிருக்கும் உருளையில்) மோனோ 60 மீட்டர்தான் போகும். சூரையின் முதல் ஓட்டத்துக்கே அது காணாது.

ஆனால் இறுகிய பிரெய்டு பாறை விளிம்பில் உரசினால் அறுவதற்கு ஒரு நொடி போதும். மெல்லிய இழைகளின் பின்னல் அது. இழை ஒவ்வொன்றாகப் போகும். மோனோவில் மேல்தோல் சொரசொரப்பானாலும் உள்ளே கனம் மிச்சம் இருக்கும். ஆக விளிம்பில் படும் பகுதி முழுக்க மோனோவாக இருக்க வேண்டும். பாறை உயரம் 12 மீட்டர் என்றால் லீடர் 15 மீட்டர். படகுக்கு வழக்கமான 2 மீட்டர் லீடரோடு வந்தவர், மீன் நீரை விட்டு எழும் நேரத்தில் பார்த்தால் விளிம்பில் உரசிக்கொண்டிருப்பது பிரெய்டாக இருக்கும்.

புளூரோகார்பன் லீடர் மோனோவைவிடக் கடினம், கனம், நீருக்குள் கண்ணில் படுவதும் குறைவு. இங்கே அந்தச் சிறப்புகள் கடைசி ஒன்றரை மீட்டருக்கு மட்டும் போதும். 15 மீட்டர் முழுக்கப் புளூரோ போட்டால் அது ஸ்பூலில் கம்பிச்சுருள்போல் நிமிர்ந்து நிற்கும், வீசும்போது வளையம் வளையமாகக் கிளம்பி கைடில் (ராடில் லைன் செல்லும் வளையத்தில்) சிக்கும்.

அவ்வளவு நீள லீடர் என்றால் முடிச்சு ஸ்பூலுக்குள் புதைந்திருக்கும், ஒவ்வொரு வீச்சிலும் கைடுகளைக் கடந்து போகும். டபுள் யுனி முடிச்சு இரண்டே நிமிடத்தில், காற்றிலும் போட்டுவிடலாம். ஆனால் தடித்த முடிச்சு. கைடில் தட்டித் தட்டிப் போகும், கயிற்று காஃபின் வளையமும் அதில் வந்து நிற்கும். எஃப்.ஜி. முடிச்சு லீடரைவிடக் கொஞ்சம்தான் பருமன். பிரெய்டை லீடர்மேல் மாறிமாறிக் குறைந்தது 20 சுற்று சுற்றி, நனைத்து, கையுறையோடு இரு பக்கமும் பலங்கொண்ட மட்டும் இழுக்க வேண்டும். சரியாக இறுகினால் பிரெய்டின் நிறம் அடர்ந்து லீடரைக் கவ்வியது தெரியும். நிறம் மாறாத முடிச்சு நழுவும், அதுவும் மீன் மாட்டிய பிறகுதான் நழுவும். பாறைமேல் காற்றில் உட்கார்ந்து இதைப் போடுவது பெரும்பாடு. வீட்டிலேயே எஃப்.ஜி. போட்டு, மாற்றாக இரண்டு உதிரி ஸ்பூல்களையும் லீடரோடு தயார் செய்துகொள்வதே நல்லது.

ஸ்பின்னிங், ஓவர்ஹெட், அவற்றுக்கான ராடு

லூர் வீசுவதானால் 14000 முதல் 20000 வரை அளவுள்ள ஸ்பின்னிங் ரீல். வீசும்போது ஸ்பூல் சுழலாததால், அது மிகையாகச் சுழன்று லைன் தலைமுடிபோல் சிக்குவது இதில் இல்லை, ராடுக்குக் கீழே தொங்குவதால் கை முறுகாது. லைன் செங்கோணத்தில் திரும்பும் உருளைதான் இதன் பலவீனம். உப்பு ஏறி உருளை சுழல மறுத்தால் லைன் ஒரே இடத்தில் தேயும். கிளம்பும் முன் விரலால் உருட்டிப் பாருங்கள். சுழலவில்லை என்றால் ரீலை எடுக்காதீர்கள்.

உயிர் இரையைத் தக்கையிலோ பலூனிலோ மிதக்கவிட்டுக் காத்திருப்பதானால், ராடுக்கு மேலே உட்காரும் ஓவர்ஹெட் லிவர்-டிராக் (லிவரால் டிராக்கைக் கூட்டிக் குறைக்கும்) ரீல். கிளிக்கர் சத்தத்தோடு லைனை ஓடவிட்டு, லிவரைத் தள்ளி மீனை மாட்டலாம்; எடை தொங்கும்போதும் சுற்ற முடியும். வீசத்தான் பழக்கம் வேண்டும். இரண்டையும் சுமக்கும் ஆசையை விடுங்கள். அன்றைய உத்தி எது என்று முடிவு செய்து ஒன்றை எடுங்கள்.

டிராக்கை லைன் பலத்தில் மூன்றில் ஒன்று வைப்பது பொது வழக்கம். 36 கிலோ லைனுக்கு அது 12 கிலோ. விளிம்பில் நிற்பவரை 12 கிலோ இழுவை காலடி மாற வைக்கும். 7 அல்லது 8 கிலோ போதும். ஸ்பிரிங் தராசில் கட்டி அளந்து வையுங்கள், கைக்கணக்கை நம்பாதீர்கள். ரீலோடு கொக்கி மாட்டும் தோள்பட்டை ஹார்னஸ் படகுக்கு உரியது. பாறையில் இடுப்புப் பெல்ட் மட்டும், தேவைப்பட்டால் ராடைக் கைவிட முடிகிற மாதிரி.

3 மீட்டர் ராடு லைனைச் சுவரிலிருந்து தள்ளிப் பிடிக்கும். வெளியே துருத்திய மேடையில் இது கட்டாயம். 2.1 மீட்டர் ராடில் உங்கள் கைக்கு நெம்புபலம் அதிகம். அதே இழுவைக்கு 3 மீட்டர் ராடு சுமார் 40 சதவீதம் கூடுதலாக முதுகை வாங்கும். சுவர் நேர்செங்குத்தாக, அடியில் ஆழமாக இருந்தால் 2.4 மீட்டரில் நிறுத்திக்கொள்ளலாம். எந்த ராடாக இருந்தாலும் மீனைத் தூக்க அதை நிமிர்த்தாதீர்கள். நுனி மட்டும் வளைந்து முழு எடையும் அங்கே விழும், ராடு அங்கேயே முறியும். புதர்வழி நடைக்கு மூன்று துண்டு ராடு வசதிதான்; மூட்டில் மெழுகு தடவி, பத்து வீச்சுக்கொரு முறை இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

காலும் உடம்பும்

பாசி படர்ந்த ஈரப்பாறைக்கு உலோக ஆணி அடித்த அடிப்பகுதி. வழவழப்பான காய்ந்த பாறைக்கு மென்ரப்பர், ஆணி அங்கே சறுக்கும். உயரமான விளிம்பு பெரும்பாலும் காய்ந்தே இருக்கும், இறங்கும் வழிதான் ஈரம். கழற்றி மாட்டும் ஆணிப்பட்டை அதற்குச் சரியான சமரசம்.

தானே ஊதிக்கொள்ளும் மிதவைச் சட்டை 150 நியூட்டன் மிதப்பு விசை தரும், மயங்கியவரின் முகத்தையும் மேலே திருப்பும். ஆனால் கூர்ச்சிப்பி ஒட்டிய பாறையில் மோதினால் காற்றுப்பை கிழியும். உப்பு மாத்திரை கரைந்து இயங்கும் ரகம் சாரலிலேயே தானாக ஊதிவிடலாம். 50 நியூட்டன் நுரைச்சட்டை முகத்தைத் திருப்பாது. கிழிந்தாலும் மிதக்கும், விலா எலும்புக்குப் பாறை மோதலில் மெத்தையாகவும் இருக்கும். அலை எட்டும் மேடைக்கு எங்கள் தேர்வு நுரைச்சட்டை.

இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாமா? விழ வாய்ப்புள்ள, அலை எட்டாத உயரத்தில், விளிம்புக்கு ஓரடி முன்பே நிறுத்தும் அளவுக்குக் குட்டையான கயிறு நல்லது. அலை எட்டும் இடத்தில் கட்டினால் அது உங்களைப் பாறையோடு சேர்த்து அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே மிதவைச் சட்டையும், 20 மீட்டர் மிதக்கும் எறிகயிறும்தான் துணை. அலை எட்டுமா என்பதை முன்னறிவிப்பின் எண்ணை வைத்து மட்டும் சொல்லாதீர்கள். அதில் 2 மீட்டர் என்று இருந்தால் அது பெரிய அலைகளின் சராசரிதான். 12 நொடிக்கு ஓர் அலை என்றால் மூன்றரை மணி நேரத்துக்குள் ஆயிரம் அலை வரும், அதில் ஒன்று 4 மீட்டரை நெருங்கும்.

தொடர்பு

கைபேசி எட்டாத இடத்துக்கு இரண்டு வழி. 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி, சந்தா இல்லாமல், பதிவு செய்த பெயரில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டு மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குக் குறைந்தது 24 மணி நேரம் அபயக்குறி அனுப்பும். மறுமொழி பேச முடியாது. செயற்கைக்கோள் செய்திக் கருவிக்குச் சந்தா உண்டு, பேட்டரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்; ஆனால் கால் பிசகியது, உயிருக்கு ஆபத்தில்லை என்று எழுதி அனுப்பலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலாவது. செங்குத்துச் சுவரடியில் வானத்தில் பாதி மறைந்துவிடும் என்பதால், ஆண்டெனாவை முழுக்க விரித்து, கடல் பக்கம் திறந்த வானத்துக்கு நேரே வைத்த பிறகே இயக்குங்கள். கருவியை மிதவைச் சட்டையின் பையில் நாடாவால் கட்டி வையுங்கள், முதுகுப்பை மேடையிலேயே தங்கிவிடும்.